மயில் மேல வண்டி மோதிருச்சு, நிக்காம வந்துட்டேன், நின்னிருந்தா பொழச்சிருக்குமா டாக்டர்?

கேள்வி: டாக்டருங்களுக்கு வணக்கமுங்க. எனக்கு தாராபுரம் பக்கம், சொந்தமா ஒரு பிக்கப் வண்டி வெச்சு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு காய் லோடு அடிக்கறேன். போன மாசம் லோடு எறக்கிட்டு காலி வண்டில திரும்பி வர்றப்ப, விடிஞ்சும் விடியாத நேரம், ஒரு பெட்டை மயிலு ரோட்டுக்கு குறுக்க ஓடுச்சு, அது தாண்டிருச்சேன்னு நான் மறுபடி ஆக்சிலேட்டர மிதிச்சேன், பின்னாடியே தோகையோட ஆண் மயிலு ஒண்ணு வந்து பம்பர்ல பட்டு பானட் மேல ஏறி உழுந்துருச்சு. சைடு கண்ணாடில பாத்தேன், ரோட்டோரமா கெடந்து ஒத்த இறக்கைய மட்டும் அடிச்சிட்டு இருந்துச்சு. தேசியப் பறவை, நின்னா கேஸு, ஜெயில்தான்னு கூட வந்த பையன் சொன்னான், நானும் பயந்து நிக்காம வந்துட்டேன். வீட்ல முருகன் வாகனத்த அடிச்சிட்டியே, பாவம் சும்மா விடுமான்னு ஒரே அழுகை. கிரில்ல ஒரு தோகை எறகு சிக்கியிருந்துச்சு, அத பூஜை ரூம்ல வெச்சிருக்கோம். இதுக்கு முன்ன ராத்திரில முயலு, ஆந்தையெல்லாம் அடிபட்டிருக்குங்க, அப்பல்லாம் மனசு இப்படி கெடந்து அடிச்சுக்கல. நின்னிருந்தா அது பொழச்சிருக்குமா? நெசமாவே கேஸ் ஆகுமா? இனி எப்படித்தான் ஓட்டறது?

பதில்: தம்பி, வணக்கம். நீங்க மூணு கேள்வி கேட்டிருக்கீங்க, ஆனா தூங்க விடாம பண்றது மொத கேள்விதான்னு லெட்டர படிச்சாலே தெரியுது, அதனால அதுக்கே மொதல்ல வர்றேன்.

பொழச்சிருக்க வாய்ப்பு இருந்துச்சு. இத உங்கள வருத்தப்பட வெக்கறதுக்காக சொல்லல, நீங்க எழுதின ஒரே ஒரு விஷயத்த வெச்சு சொல்றேன், "ஒத்த இறக்கைய மட்டும் அடிச்சிட்டு இருந்துச்சு"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க. உயிர் போற நேரத்துல துடிக்கற பறவை பெரும்பாலும் ரெண்டு இறக்கையையும் போட்டு அடிக்கும், தலை பின்னாடி வளைஞ்சிரும். ஒரு பக்கம் அடிக்குது இன்னொரு பக்கம் தொங்குதுன்னா அந்தப் பக்கம் எலும்பு ஒடஞ்சு போய் எந்திரிக்கப் பாத்திருக்கு. உள்ள ரத்தம் கட்டியிருந்தா ஒரு மணி நேரத்துல செத்திருக்கும், அது வெளிய இருந்து யாராலயும் சொல்ல முடியாது, நான் அங்க இருந்திருந்தாலும் கைல எடுத்துப் பாத்துட்டுதான் சொல்லியிருப்பேன். ஆனா எலும்பு மட்டும் ஒடஞ்ச மயிலுன்னா பாக்கறதுக்கு வழி இருக்கு, பறவைங்களுக்கு எலும்பு நம்மள விட சீக்கிரம் சேரும், நேரா வெச்சு கட்டிட்டா சாதாரணமா ரெண்டு மூணு வாரத்துல கூடிரும்.

இதுல சிக்கல் என்னன்னா நேரம். பறவையோட எலும்பு மெல்லிசு, உள்ள காலியா இருக்கும், மேல் இறக்கை எலும்பு இருக்கே, அதுக்குள்ள இருந்து நேரா நுரையீரலோட சேந்த காத்துப்பைக்கே வழி இருக்கு, அதனால அது தோல கிழிச்சுட்டு வெளிய வந்துருச்சுன்னா வெறும் எலும்பு முறிவு மட்டும் இல்ல, மூச்சு விடற எடத்துலயே ஓட்டை விழுந்த கணக்கு. மண்ணு, சாணி, ஈ முட்டை எல்லாம் அது வழியா உள்ள போகும். வெளிய நீட்டிட்டு இருக்கற எலும்பு வெயில்ல காய்ஞ்சு செத்துப் போச்சுன்னா அப்புறம் எவ்வளவு அழகா கட்டினாலும் சேராது. என் டேபிளுக்கு வர்ற அடிபட்ட பறவைங்கள்ல கையே வெக்க முடியாதுன்னு ஆகறது பாதிக்கு மேல மோதின அடியால இல்ல தம்பி, மோதினதுக்கு அப்புறம் ஒரு பகல் பூரா யாரும் தொடாம கெடந்ததாலயும், தொட்டவங்க தப்பா தொட்டதாலயும்தான். பறக்க முடியாத மயிலு மரத்துக்கு ஏற முடியாது, சாயங்காலம் ஆனா தரையிலயே கெடக்கும், மிச்சத்த நாய்ங்க பாத்துக்கும்.

தப்பா தொடறதுன்னு சொன்னேன்ல, அதுல மொத எடம் தண்ணிக்குத்தான். ரோட்ல ஏதாச்சும் அடிபட்டு கெடந்தா நம்ம ஆளுங்க மனசு எளகி ஒடனே வாட்டர் பாட்டில தொறந்து வாய்ல ஊத்துவாங்க, நல்ல மனசுதான், ஆனா பறவைக்கு வாயத் தொறந்து பாத்தீங்கன்னா நாக்குக்கு பின்னாடியே சின்னதா ஒரு பொளவு தெறந்து தெறந்து மூடிட்டு இருக்கும், அதுதான் மூச்சுக்குழாய் வாசல், மயக்கத்துல கெடக்கற பறவைக்கு நீங்க ஊத்தற தண்ணி நேரா அதுக்குள்ளதான் போகும். அடியில பொழச்சது தண்ணில சாகும். பாலு, சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். ரெண்டாவது, கெட்டியா புடிக்கறது. நமக்கு இருக்கற மாதிரி பறவைக்கு நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல உதரவிதானம் கெடையாது, நெஞ்சு எலும்பு முன்னயும் பின்னயும் அசைஞ்சாத்தான் காத்தே உள்ள போகும், தப்பிச்சு ஓடிருமோன்னு நெஞ்ச சேத்து இறுக்கினா கைலயே மூச்சு நின்னுரும்.

அப்ப எப்படித்தான் எடுக்கறது? வண்டிய ஓரங்கட்டி நாலு இண்டிகேட்டரும் போட்டுட்டு எறங்குங்க, வளைவுன்னா நிக்கவே வேண்டாம், தாண்டிப் போய் நில்லுங்க, உங்க உசுரு மொதல்ல. வண்டில எப்படியும் ஒரு துண்டோ சாக்கோ இருக்கும். பின்பக்கமா போய் தலையோட சேத்து மேல போர்த்துங்க, கண்ணு இருட்டானா பறவை பாதி அடங்கிரும், அப்புறம் ரெண்டு இறக்கையையும் ஒடம்போட மடக்கி, துண்டோட சேத்து அணைச்ச மாதிரி தூக்கணும், நெஞ்சுல அமுக்கக் கூடாது. ஆண் மயிலுக்கு கால்ல முள்ளு இருக்கும், கிழிச்சிரும், காலத் தனியா துணியில சுத்திக்குங்க. தோகையப் புடிச்சு மட்டும் தூக்கிராதீங்க, கொத்தோட கழண்டு வரும். காய் க்ரேட் ஒண்ண அது மேல கவுத்து சாக்கப் போட்டா இருட்டாவும் காத்தோட்டமாவும் இருக்கும், பாட்டு ஆஃப் பண்ணிட்டு ஃபாரஸ்ட் ஆளுங்களுக்கு போன் போடுங்க, அவங்க சொல்ற எடத்துல குடுங்க. சின்னக் குருவி, மைனா, ஆந்தைன்னா ஒரு அட்டைப்பெட்டி போதும், பக்கத்துல நாலு ஓட்டை போட்டு மூடி வெச்சிருங்க, நெறைய நேரம் அது வெறும் அதிர்ச்சிதான், ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல உள்ள பொறாண்டற சத்தம் கேக்கும்.

மானுன்னா கதையே வேற, அத நீங்க தொடவே கூடாது. அடிபட்ட புள்ளிமான நாலு பேரு சேந்து அமுக்கிப் புடிச்சு காலக் கட்டி ஆட்டோல ஏத்திட்டு வருவாங்க, வெளிக்காயம் பெருசா ஒண்ணுமே இருக்காது, ஆனா பயத்துலயும் திமிறினதுலயும் தசையே உள்ள அழுகிப் போற மாதிரி ஆகி செத்துப் போகும். அதோட கண்ண மட்டும் ஒரு துணியால மூட முடிஞ்சா மூடிட்டு, செல்போன் வெச்சு வீடியோ எடுக்க வர்ற கூட்டத்த தள்ளி நிறுத்தினாலே பெரிய வேலை. காட்டுப்பன்றி, காட்டுமாடுன்னா வண்டிய விட்டே எறங்காதீங்க.

கேஸ் விஷயத்துக்கு வர்றேன். நான் வக்கீல் இல்ல, ஆனா ஃபாரஸ்ட் ஆளுங்களோடயே வேலை செய்யறதால இது எனக்கு தெரிஞ்ச எடம். மயிலு 1963-லயே தேசியப் பறவை ஆயிருச்சு, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல மொத பட்டியல்ல இருக்கு, அத வேட்டையாடினா 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயிலு. உங்க கூட வந்த பையன் சொன்னது இதத்தான். ஆனா அது வேட்டைக்கு. குறுக்க வந்து தற்செயலா அடிபடறத சட்டமும் யோசிச்சு வெச்சிருக்கு, அதே சட்டத்துல 39-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, தெரியாம கொல்லப்பட்டதும் சரி, செத்துக் கெடக்கறதும் சரி, அந்த வன உயிர் அரசாங்க சொத்து, உங்க கைக்கு வந்தா 48 மணி நேரத்துக்குள்ள பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கோ அதிகாரிக்கோ சொல்லணும்னு. சொல்லாம வண்டில போட்டு வீட்டுக்கு கொண்டு வந்தாத்தான் வம்பு ஆரம்பிக்குது. அடிபட்ட முயல அப்படியே சாக்குல போட்டு சாயங்காலம் கொழம்பு வெக்கறது நம்ம பக்கம் நடக்காததா? அது வேட்டைக்காரனுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லாம பண்ணிரும். போன் போட்டு, "சார், இந்த எடத்துல இப்படி ஆயிருச்சு, உயிர் இருக்கு"ன்னு சொல்ற டிரைவர புடிச்சு உள்ள போட்டத நான் பாத்ததில்ல, பேரு, வண்டி நம்பர் கேப்பாங்க, எழுதிக்குவாங்க, அவ்வளவுதான். புலிகள் காப்பகத்துக்குள்ள போர்ட மதிக்காம பறந்து போய் அடிச்சீங்கன்னா அது வேற, அங்க கேஸ் போடறாங்க, போடவும் வேணும்னுதான் சொல்லுவேன்.

அந்த பூஜை ரூம் எறகு. மயிலு தானா உதுத்த எறக வெச்சுக்கறதுக்கு சட்டத்துல விலக்கு இருக்கு, கோயில் வாசல்ல விக்கறதெல்லாம் அந்தக் கணக்குதான். அடிபட்டு புடுங்கி வந்ததுக்கு அந்த விலக்கு பொருந்தாது, அடிக்குருத்துல ரத்தக்கறை இருந்தா பாத்த ஒடனே தெரிஞ்சிரும். வீட்ல சொல்லி எடுத்து ஃபாரஸ்ட் ரேஞ்ச் ஆபீஸ்ல குடுத்துருங்க, நடந்தத அப்படியே சொல்லுங்க.

பாவ புண்ணியத்துக்கு நான் மருந்து எழுத முடியாது. பழனி உங்களுக்கு கூப்பிடு தூரம், வீட்ல இருக்கறவங்க மனசு ஆறும்னா ஒரு எட்டு போயிட்டு வாங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா ஒண்ணு சொல்லணும், முயலு, ஆந்தைக்கெல்லாம் மனசு அடிச்சுக்கலன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு கொஞ்சம் உறுத்துச்சு. மயிலுக்கு முருகன் இருக்காரு, ஆந்தைக்கு யாரும் இல்ல, அபசகுனம்னு சொல்லி ஒரு எலுமிச்சம்பழத்த டயர்ல வெச்சு நசுக்கிட்டு போயிருவோம். நெசத்துல பாத்தா நம்ம கொங்கு பக்கம் மயிலு கொறையவே இல்ல, தக்காளி, சோளம் போட்டவங்ககிட்ட கேளுங்க, "ஒண்ணு போச்சா, நல்லதாப் போச்சு"ன்னு கூட சொல்லுவாங்க, அவங்க கஷ்டம் அவங்களுக்கு. ராத்திரி ரோட்ல அடிபடற அந்த வெள்ளை மூஞ்சிக் கூகை இருக்கே, அது பெரும்பாலும் எலி தின்னே பொழைக்கற ஜீவன், நீங்க ஏத்தற அதே காய்கறி வெளையற தோட்டத்துல எலி புடிக்கறது. லோடு லாரில இருந்து சிந்தற மக்காச்சோளத்துக்கு எலி ரோட்டுக்கு வருது, எலிய தேடி கூகை வருது, தாழப் பறந்து பாயற நேரத்துல அதோட ஒயரமும் உங்க கிரில் ஒயரமும் ஒண்ணாத்தான் இருக்கும்.

இப்ப ஓட்டற விஷயம். உங்க லெட்டர்லயே பதில் இருக்கு தம்பி, நீங்களே எழுதியிருக்கீங்க, பெட்டை தாண்டிருச்சுன்னு மறுபடி மிதிச்சேன்னு. மயிலு தனியா திரியறது கம்மி, ஒண்ணு குறுக்க போச்சுன்னா அதுக்கு பின்னாடி வேலிக்குள்ள இன்னும் ரெண்டோ நாலோ நிக்குதுன்னு வெச்சுக்குங்க, மொதப் பறவைக்கு நீங்க பிரேக் அடிச்சது சரி, அடுத்ததுக்காக காலு பிரேக் மேலயே இருக்கணும். மான் கூட்டமும் இப்படித்தான், பன்னிக் குட்டிங்களும் இப்படித்தான். அதுலயும் தோகை இருக்கற ஆண் மயிலு நாலு அஞ்சு கிலோ கனம், பின்னாடி ஒன்னரை மீட்டர் தோகை, காக்கா மாதிரி நின்ன எடத்துல எழும்பாது, நாலு எட்டு ஓடித்தான் மேல ஏறும், ஏறும்போது சரியா பானட் ஒயரத்துலதான் இருக்கும்.

ஹாரன் அடிச்சா போயிரும்னு நெறைய டிரைவருங்க நம்பறாங்க, ஆனா வண்டி ரொம்ப வேகமா வந்தா பறவைக்கு வெலகவே நேரம் இருக்காது. அமெரிக்காவுல ஒரு சின்னப் பறவைய வெச்சு, வண்டி வர்ற வீடியோவ போட்டுக் காட்டி சோதிச்சுப் பாத்தாங்க, 2015-ல வந்த ஆய்வு அது, வண்டி எவ்வளவு வேகத்துல வந்தாலும் பறவை ஏறக்குறைய ஒரே தூரத்துல வெச்சுத்தான் எழும்பப் பாக்குது, அதாவது அது தூரத்த அளக்குது, வேகத்த அளக்கத் தெரியல, 120-க்கு மேல போனா தப்பிக்க நேரமே பத்தல. நாய், நரி வர்ற வேகத்துக்கு பழகின மூளை அது, அதுகிட்ட போய் பிக்கப் வேகத்த கணக்கு போடச் சொன்னா எப்படி. அப்ப கணக்கு போட வேண்டியது நாமதான். 70-ல போனா செகண்டுக்கு 19 மீட்டர் போகுது வண்டி, கண்ணு பாத்து காலு மிதிக்கறதுக்குள்ளயே முப்பது மீட்டர் கிட்ட போயிருக்கும், அப்புறம் நிக்கறதுக்கு இன்னொரு முப்பது. 50-ல போனா மொத்தமே 35 மீட்டர் சுமாருக்கு நின்னுரும். இது நல்ல டயரு, காய்ஞ்ச ரோட்டுக்கு. காலி பிக்கப்புன்னா பின்னாடி கனம் இல்லாம வீல் பூட்டிக்கிட்டு வழுக்கும், லோடு எறக்கின சந்தோஷத்துல காலி வண்டியத்தான் எல்லாரும் வெரட்டறாங்க, அதுவும் மயிலு மரத்த விட்டு எறங்கி மேய வர்ற அதே நேரத்துல.

பூராவும் 50-லயே போங்கன்னு நான் சொன்னா நீங்க சிரிப்பீங்க, பொழப்பு ஓடாது. ஆனா விடியறப்ப ஒரு மணி நேரம், பொழுது சாயறப்ப ஒரு மணி நேரம், அதுவும் ரெண்டு பக்கமும் வேலிக்கருவை, சோளக்காடு இருக்கற எடம், குளத்துக்கரை, அப்புறம் ரோட்டு மேலயே கொள்ளு, சோளம், கம்பு காயப்போட்டிருக்கற எடம், இங்க மட்டும் கொறைச்சா போதும். ரோட்ட களமாக்கறது பழக்கம்தான், வண்டி ஏறினா தாள் தானா பிரியும்னு போடறாங்க, அதுக்கு பொறாவும் மைனாவும் மயிலும் வந்து உக்காருது, பாதி அடிபடறது அங்கதான். தினமும் ஒரே ரூட்ல போற ஆளு நீங்க, எந்த எடத்துல எது குறுக்க வரும்னு உங்களுக்கு தெரியாதா என்ன.

குறுக்க வந்துருச்சுன்னா ஸ்டியரிங்க மட்டும் ஒடிக்காதீங்க. நம்ம ரோடெல்லாம் ரெண்டு பக்கமும் புளியமரம், எதிர்ல பஸ்ஸு. நேரா புடிச்சு பிரேக் அடிங்க, பட்டா படட்டும். பறவைய காப்பாத்தப் போய் மரத்துல விட்ட வண்டிங்கள நானும் பாத்திருக்கேன், உங்கள நம்பி வீட்ல ஆளுங்க இருக்காங்க.

ராத்திரில ஹை பீமுக்கு முயலு மாட்டிக்கும், அந்த வெளிச்சத்துக்குள்ளயே நேரா ஓடும், வெளிய இருட்டா தெரியறதால ஒதுங்காது. டிம் பண்ணிட்டு வேகத்த கொறைங்க, லைட்ட சுத்தமா அணைச்சிராதீங்க, அது ஒரு நிமிஷத்துல தானா வேலிப் பக்கம் திரும்பிரும். தார் ரோட்டு சூட்டுக்கு நடு ரோட்ல பக்கிங்கற ராத்திரிப் பறவை உக்காந்திருக்கும், பகல்ல பாத்தா காய்ஞ்ச எலைக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது, ராத்திரில லைட் பட்டா ரெண்டு சிவப்பு புள்ளி மட்டும் தரையோட தரையா மின்னும், அது கடைசி நேரத்துலதான் எழும்பும், அதனால புள்ளி தெரிஞ்ச ஒடனே கால எடுத்துருங்க.

சத்தி, முதுமலை பக்கம் லோடு கெடைச்சா இன்னும் கவனம். திம்பம் மலைப்பாதைல 27 கொண்டை ஊசி வளைவு, ஹைகோர்ட் உத்தரவுல 2022 பிப்ரவரில இருந்து ராத்திரில லாரிக்கெல்லாம் தடை போட்டாங்க, கர்நாடகா பக்கம் பந்திப்பூர்ல காட்டு ரோட்ட 2009-லயே ராத்திரி 9 மணில இருந்து காலைல 6 வரைக்கும் மூடிட்டாங்க. டிரைவருங்க அப்ப போட்ட சத்தம் எனக்கு தெரியும், சுத்திப் போனா டீசல் யாரு குடுப்பான்னு, நியாயமான கேள்விதான், ஆனா காட்டுக்குள்ள ராத்திரி வண்டி ஓட்டி சிறுத்தைய அடிச்சுட்டு நிக்கற எடத்துல ஹெட்லைட்டோ ஹாரனோ ஒதவாதுன்னு அந்த ரூட் டிரைவருங்களே ஒத்துக்குவாங்க. அங்க போற டூரிஸ்ட்காரங்க குரங்குக்கு தூக்கிப் போடற சிப்ஸ் பாக்கெட் இன்னொரு கொடுமை, குரங்க ரோட்டுல கொண்டு வந்து உக்கார வெக்கறதே அதுதான். வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் போனீங்கன்னா ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் பழைய தீயணைப்பு ஹோஸ் பட்டையில பாலம் கட்டி விட்டிருக்கறத பாக்கலாம், சிங்கவால் குரங்கு அதுல ஏறி தாண்டும், கீழ வண்டி போயிட்டே இருக்கும்.

செத்துக் கெடக்கறத பாத்தா, வண்டி வராத நேரமா பாத்து ஒரு குச்சியால ஓரமா தள்ளி விட்டா நல்லது, அத தின்ன வர்ற காக்கா, கழுகு, நாய் அடுத்து அடிபடும், நாய் குறுக்க வந்து பைக்காரன் உழுவான். ஒதவிக்கு போன் போடணும்னா, டோல் இருக்கற ஹைவேல 1033, மத்த எடத்துல 112. உங்க ரேஞ்ச் ஆபீஸ் நம்பர ரேஞ்ச் ஆபீஸ்லயே எறகு குடுக்கப் போறப்ப வாங்கி போன்ல போட்டு வெச்சுக்குங்க, நடுராத்திரில தேடிட்டு இருக்க முடியாது.

வண்டியப் பத்தி ஒரு வார்த்தை, நீங்க கேக்கல, ஆனா யாரும் பாக்கறதில்ல. அவ்வளவு கனமான பறவை கிரில்ல அடிச்சா ரேடியேட்டர் முன்னாடி இருக்கற தகடு மடங்கி அடைச்சிருக்கும், சின்ன ஒழுகல் இருந்தாலும் இருக்கும். காலைல இஞ்சின் ஆறி இருக்கறப்ப கூலண்ட் மட்டத்த பாருங்க, ரெண்டு நாள் விட்டு மறுபடி பாருங்க, ஹெட்லைட் கவர் தளர்ந்து வெளிச்சம் மரத்துக்கு அடிக்குதான்னும் பாத்துக்குங்க. எறகு, ரத்தம் ஒட்டியிருக்கற எடத்த வெறுங்கையால தொடாம கிளவுஸ் போட்டு சோப்புத் தண்ணியில கழுவுங்க. இன்சூரன்ஸ் வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தா கைக்காசுதான், சொந்த வண்டி சேதத்துக்கும் சேத்து போட்டிருந்தா மிருகம், பறவை மோதினதுக்கு பொதுவா க்ளைம் உண்டு, ஆனா ஒடனே சொல்லியிருக்கணும், போட்டோ கேப்பாங்க, நின்னாத்தான போட்டோ எடுக்க முடியும்.